தேரி மண்ணை நம்பி நிலம் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் தேரி நிலம் (கடலோரச் செம்மணல் மேடு) விலைக்கு வருகிறது. முப்பது அடி தோண்டினாலும் செம்மணல்தான் என்கிறார்கள். இந்த மண் எப்படிப்பட்டது, எதற்கு ஆகும்?

பதில்: சாத்தான்குளம் தாண்டி, தேரி ஓரமாக எங்களுக்கும் நாலு ஏக்கர் இருக்கிறது. முதல் மூன்று வருஷம் அதில் வாழை வைத்துப் பார்த்தேன், தக்காளி வைத்துப் பார்த்தேன், நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் தேரியைப் பார்த்ததும் பாலைவனம் என்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அவ்வளவு சிவப்பு. அந்தச் சிவப்பு மணலின் சொந்த நிறம் இல்லை. உள்ளே இருப்பது சாதாரண வெள்ளை மணிதான். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத்துரு மெல்லிசாகப் பூசியிருக்கிறது. ஈர மண்ணைப் பிடித்துவிட்டு வேட்டியில் கை துடைத்தால் வீட்டில் திட்டு விழும், கறை லேசில் போகாது. ஒரு மழை ஓய்ந்ததும் சரிவில் பாருங்கள், கறுப்பு மணல் கோடு கோடாகப் படிந்திருக்கும். டைட்டானியம் எடுக்கிற இல்மனைட் முதலான கனிமங்கள் அதில்தான் இருக்கின்றன. காந்தத்தை உள்ளே ஓட்டினால் கொஞ்சம் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கறுப்பை நம்பித்தான் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் ஆலை கொண்டுவரப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்க்கவே 2007இல் அது நின்றுபோனது.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883இல் வெளிவந்த தன் நிலவியல் அறிக்கையில், தென்மேற்குக் காற்று மலையடிவாரச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கடலோரம் கொட்டியது என்றார். இன்றைக்கும் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஒரு நாள் நின்றால் அதை நம்பத் தோன்றும். மனிதர்களும் இங்கே வெகு காலமாக இருந்திருக்கிறார்கள். விரல்நுனி அளவு நுண்கற்கருவிகள் இந்த மணலில் கிடைத்து, 1956இல் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் மூன்று ஏக்கருக்கு வருவோம்.

ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்கும், ஆனால் விரலால் தொட்டால் உதிரும். கயிறு மாதிரி திரிக்கவே முடியாது. பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட மணல், களி மிகக் குறைவு, மக்கு (மக்கிய இலைதழை) அதைவிடக் குறைவு. அதனால் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. இப்படிப்பட்ட மணல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக 60 முதல் 80 மில்லிமீட்டர் வரைதான் பிடித்து வைக்கும். களிமண் அதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும்.

இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். தக்காளிக்கு வேர் ஓர் அடி என்று வையுங்கள். அந்த ஓர் அடியில் இருப்பு சுமார் 20 மில்லிமீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு ஆறேழு மில்லிமீட்டர் செலவு. மூன்றாம் நாள் செடி தொங்கிவிடும். நானோ வாரம் ஒருமுறை மோட்டாரைப் போட்டுப் பாத்தி நிறைய விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பனையேறி அண்ணாச்சி ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏய்யா, நீ தண்ணிய மண்ணுக்கா ஊத்துத? பாதாளத்துக்குல்லா ஊத்துத" என்றார்.

அதே கணக்கை மரத்துக்குப் போடுங்கள். மூன்று மீட்டர் வேர் இறங்கிய மரத்துக்கு அதே மணலில் 200 மில்லிமீட்டர் இருப்பு உண்டு. வழியில் பாறை இல்லை, சுக்கான் (சுண்ணாம்புக் கல்) இல்லை, வேர் போகிற போக்கில் போய்க்கொண்டே இருக்கலாம். முப்பது அடி மணல் என்று கேட்டதும் உங்களுக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு அதுதான் அந்த நிலத்தின் ஒரே சொத்து என்று தோன்றுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் சித்திரை வெயிலில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். மேலே கால் வைக்க முடியாமல் சுடும். உள்ளே கை விட்டால் ஜில்லென்று ஈரம் தட்டுப்படும். மேலாக இருக்கும் நாலு விரற்கடை மணல் காய்ந்து உதிர்ந்துவிட்டால், அடி ஈரம் அதைத் தாண்டி மேலே ஏற வழியில்லை. மேல் மணலே கீழ் மணலுக்கு மூடாக்கு. வடகிழக்குப் பருவத்தில் பெய்வது ஓடி வீணாகாமல் நேரே உள்ளே இறங்குவதும் இந்த மண்ணில்தான். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையும், புத்தன்தருவை, வைரவம் தருவை போன்ற நீர்நிலைகளும் தேரியை ஒட்டி இருப்பது எனக்கு ஆச்சரியமாகத் தெரிவதில்லை.

ஆகவே மரம். பனையைச் சொல்லவே வேண்டாம், உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வரை வந்தாயிற்று. கொல்லாமரம் (முந்திரியை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) அசையாமல் நிற்கும், மணலையும் பறக்கவிடாது. முருங்கைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் அதற்கு ஆகாத ஒன்று வேரில் தண்ணீர் நிற்பது. மா, சப்போட்டா, எலுமிச்சை எல்லாம் முதல் இரண்டு கோடையைத் தாண்டும் வரை சொட்டுநீர் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். தென்னையும் வரும், ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்கும். வாழை வேண்டாம். தண்ணீர் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆடிக் காற்று இலையை நார் நாராகக் கிழித்துவிடும்.

மண்ணுக்குள் விளைகிறவற்றுக்குத் தேரி ராசியானது. நிலக்கடலை, மரவள்ளி இரண்டும் இழுத்தால் கையோடு வரும். பனங்கிழங்கைப் பாருங்கள். ஆவணி வாக்கில் மணலை மேடாகக் கூட்டி, அதன் மேல் பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, லேசாக மணல் தூவி விடுவோம். முளை மேலே வராமல் கீழே இறங்கும். கட்டி மண்ணாக இருந்தால் முட்டி வளையும், கோணலாகக் கிடக்கும். தேரி மணலில் ஈட்டி மாதிரி நேராக இறங்கிப் பருக்கும். பொங்கலுக்கு முன்னால் ஓரத்து மணலைத் தள்ளினால் கிழங்கு வரிசையாக நிற்பது தெரியும். ஒன்றுகூட ஒடியாமல் எடுக்கலாம்.

உரத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசியில் முருங்கைக்கு மொத்த யூரியாவையும் ஒரே தடவையாக வைத்தேன். அடுத்த இரண்டு நாளும் விடாத மழை. பத்து நாள் கழித்தும் இலை வெளிறியே இருந்தது, யூரியா வேரைத் தாண்டிக் கீழே போய்விட்டது. இப்போது அதே அளவை ஆறு பங்காக்கி வைக்கிறேன். குளம் வற்றும்போது அரசு அனுமதியோடு கரம்பை (குளத்து வண்டல்) எடுக்க விடுவார்கள். கிடைத்தால் விடாதீர்கள், குழிக்கு நாலு கூடை போதும். நிலம் முழுவதும் பரப்பினால் காசுதான் போகும். தக்காளி, கத்தரி போடுகிற ஆசை இருந்தால் நூற்புழுவையும் கணக்கில் எடுங்கள், மணல் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். என் தக்காளிச் செடியைப் பிடுங்கியபோது வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, பாசிமணி கோத்த மாதிரி இருந்தது.

மணலில் வெட்டும் எந்தக் குழியும் சரியும். ஆளை உள்ளே இறக்கும் முன் பக்கவாட்டுக்கு முட்டுக் கொடுங்கள், கிணறு என்றால் உறை இறக்கித்தான் ஆகவேண்டும். பண்ணைக்குட்டை வெட்டினால் விரிப்பு போடாமல் ஒரு வாரம்கூடத் தண்ணீர் தங்காது. வீடும் கட்டப் போகிறீர்கள் என்றால் கழிவுநீர்க் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தண்ணீரை இறக்குகிற அதே வேகத்தில் கழிவையும் இறக்கும் மண் இது.

இந்த மண்ணை எங்கள் ஊரில் யாரும் மட்டமாகப் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் கூட்டம் முண்டியடித்துச் செம்மணலை அள்ளும். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள். எங்கள் அம்மா முருங்கைத் தூரில் போடுவார். என் யூரியாவைவிட அது மேல் என்பது அவர் கட்சி.

வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. எல்லைக்கல்லும் பட்டாவும் சர்வேயரோடு நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்புறம், மண் பரிசோதனையைவிட முக்கியம் போர்த் தண்ணீர். உடன்குடி கடலுக்குப் பக்கம், பல இடங்களில் உப்பு ஏறிவிட்டது. மழைக்காலத்தில் போய் ருசி பார்த்துவிட்டு வராமல், சித்திரை, வைகாசியில் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதற்கப்புறம் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.