வளைவுக்குப் பிறகு வைத்த பலகை

சாலைப் பணி நடப்பதைச் சொல்லும் முதல் எச்சரிக்கைப் பலகையை வளைவுக்கு முன்பாகவே வைக்கச் சொல்லுங்கள். கொடியை எவ்வளவு வேகமாக அசைத்தாலும் அது இதற்கு ஈடாகாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டச் சாலையில், வண்டிகளை நிறுத்த நீங்கள் கொடி பிடிக்கும் இடத்துக்கு 30 மீட்டர் முன்னால் பலகை இருந்தும், காலைப் பெரட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வருகைப் பதிவுக்கு) விரையும் மோட்டார் சைக்கிள்கள் நிற்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் விநாடிக்கு 19 மீட்டருக்கு மேல் கடக்கிறார். வளைவு திரும்பியதும் பலகையைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கைத் தொட இரண்டு விநாடி ஆனாலே 39 மீட்டர் போய்விடும்; அதற்குள் அவர் உங்களைத் தாண்டியிருப்பார். ஈரச் சாலையென்றால் சொல்லவே வேண்டாம்.

பலகையை நண்பகலில் நட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அப்போது தெளிவாகத் தெரிந்த அதே பலகையை, விடியற்காலையில் தாழ்ந்து தொங்கும் செம்பனை மட்டையோ ஓரத்தில் நிறுத்திய தார் லோரியோ மறைத்துவிடலாம்.

நாளை வெளிச்சம் வருமுன், ஓட்டுநர் வரும் திசையிலிருந்து நடந்து வாருங்கள். பலகை முதலில் கண்ணில் படும் இடத்தில் ஒரு கல்லை வைத்து, அங்கிருந்து நீங்கள் நிற்கும் இடம்வரை காலடிகளை எண்ணி, அதை மீட்டரில் கணக்கிடுங்கள். நூறு மீட்டர்கூட வராவிட்டால் கோளாறு பலகையில்தான். எதிர்த்திசையிலும் இப்படியே பாருங்கள். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பலகையை நீங்களாக நகர்த்த வேண்டாம். போக்குவரத்துத் திட்டத்தை மாற்றுவது மேற்பார்வையாளரின் பொறுப்பு. எண்ணிய கணக்கை அவரிடம் எழுத்தில் கொடுங்கள்.