பணம் பெற ‘பின்’ எண் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். மொத்தச் சரக்கு வேண்டுமென்று தொலைபேசியில் பேசிய ஒருவர், முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டவுடன் என் கணக்கிலிருந்தே ஒன்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. கியூ.ஆர்., யு.பி.ஐ. முகவரி, பின் எண் ஆகியவை என்னென்ன என்று புரியும்படி விளக்குவீர்களா?

பதில்: உங்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சொற்களை எல்லோருடைய கையிலும் கொடுத்தவர்கள், அவற்றின் பொருளைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கியூ.ஆர். என்பது ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல், தொழிற்சாலையில் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கிய கட்டம் போட்ட படம். அதற்குள் எழுத்துகள் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். பணத்துக்கான கியூ.ஆரில் பெறுபவருடைய யு.பி.ஐ. முகவரியும், அதாவது பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று காட்டும் அடையாளமும், பெயரும், சில நேரங்களில் தொகையும் இருக்கும். உங்கள் கல்லாப் பெட்டிக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் இருப்பது உங்கள் முகவரி; வாடிக்கையாளர் அதை ஸ்கேன் செய்வதால் பணம் உங்களுக்கு வருகிறது. அந்த ஆள் அனுப்பிய படத்தில் இருந்ததோ அவருடைய முகவரி. நீங்கள் ஸ்கேன் செய்ததும் உங்கள் திரையில் அவர் பெயரும், கீழே ‘செலுத்து’ என்ற பொத்தானும் வந்திருக்கும்.

மணியார்டர் வாங்கும்போது தபால்காரர் நீட்டும் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பழகிய தலைமுறை நாம். ஆகவே பணம் பெறுவதற்கும் நம் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று செய்தாக வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த எண்ணத்தைத்தான். யு.பி.ஐ.யில் பணம் பெறுபவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை. நான்கு அல்லது ஆறு இலக்கமுள்ள பின் எண் என்பது, ‘என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொடு’ என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் இடும் கட்டளை. இருப்பைப் பார்க்கவும் அது கேட்கப்படும். பெறுவதற்கு ஒருபோதும் கேட்கப்படாது. இதே வகை ஏமாற்றுக்கு, ‘பணம் கேட்கும் கோரிக்கை’ என்ற வசதியும் பெரிதும் பயன்பட்டதால், தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு, யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இப்படி நேர்ந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன்னால் அதை முடக்கும் வாய்ப்பு, நீங்கள் எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: கம்பத்தில் பிறந்து வண்டிப்பெரியாற்றில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் செல்பேசி எண் தமிழ்நாட்டில் வாங்கியது. இங்கே கேரள எண் வாங்கித்தான் ஆக வேண்டுமா? ‘வட்டம்’ என்கிறார்களே, அது என்ன?

பதில்: வேண்டியதில்லை. தொலைத்தொடர்புக்காக நாடு 22 உரிமப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றைத்தான் வட்டம் என்கிறோம். வட்டமும் மாநிலமும் எப்போதும் ஒன்றல்ல: புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் இருக்கின்றன. வேறு வட்டத்தில் பேசுவதை ‘ரோமிங்’ என்பார்கள். குமுளி மலைச்சாலையில் ஒரு வளைவில் தமிழ்நாட்டுக் கோபுரமும் அடுத்த வளைவில் கேரளக் கோபுரமும் எட்டிப் பிடிக்கும்போது நடப்பதும் அதுவே. இன்றைய திட்டங்களில் பெரும்பாலானவற்றில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக்கட்டணம் கிடையாது. நிறுவனத்தை மாற்ற விரும்பினால், ‘போர்ட்’ என்ற சொல்லையும் அதையடுத்து உங்கள் எண்ணையும் ஆங்கிலத்தில் 1900-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும்; அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டம் மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வங்கியிலும் ஆதாரிலும் அந்த எண்தானே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். வேகமுள்ள இணைய இணைப்பு வாங்கினோம். கோப்பு இறங்கும்போது கணினி 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றப்பட்டோமா?

பதில்: இல்லை. விளம்பரத்தில் உள்ளது ‘பிட்’ கணக்கு, கணினி காட்டுவது ‘பைட்’ கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. ஆகவே உங்கள் இணைப்பு நன்றாகவே வேலை செய்கிறது. அந்த வேகத்தில் 1,500 மெகாபைட் கொண்ட படம் ஒன்று இறங்க இரண்டு நிமிடம் ஆகும். இந்த வேறுபாட்டை விளம்பரத்திலேயே ஒரு வரியில் சொன்னால் எத்தனையோ வீடுகளில் சண்டை வராது.

கேள்வி: நெடுங்கண்டத்தில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையும் மின்வணிகம், சேலை விற்கும் இணையக் கடையும் மின்வணிகம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: இரண்டும் மின்வணிகமே, ஆனால் யாருக்கும் யாருக்கும் இடையே நடக்கிறது என்பதில் வேறுபடுகின்றன. இணையக் கடை, வணிகர் நுகர்வோருக்கு விற்பது. விலையை விற்பவர் குறிக்கிறார். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வணிகர்கள் வாங்குகிறார்கள். விலையை வாங்குபவர்கள் ஏற்றுகிறார்கள். மாதிரிக் காயைத் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, மோந்து, தோலை நகத்தால் பிளந்து விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள். சரக்கைத் தொட்டுப் பார்க்கும் இந்த உரிமை படத்தை மட்டும் நம்பி வாங்கும் நுகர்வோருக்கு இல்லாததால்தான், அவருக்கென்று தனியே சட்டப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சேலை சாயம் போய் வந்தது. விற்றவர் சூரத்தில் இருக்கிறார். வழக்குப் போட அங்கே போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். அதற்கு முன், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘நாங்கள் வெறும் சந்தைத் தளம், விற்றவரிடம் கேளுங்கள்’ என்று பதில் வரலாம். சந்தைத் தளம் என்றால் தன் சரக்கை விற்காமல், விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்துவிடும் தளம் என்று பொருள். ஆனால் குறைதீர் அலுவலரை வைக்கும் கடமை அதற்கும் உண்டு. அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். சேலையைத் துவைத்துவிடாமல், பில்லோடும் வந்த உறையோடும் அப்படியே எடுத்து வையுங்கள்.