என் வீடு, என் இஷ்டம்: எதுவரை?

செம்பூரில் நாற்பது வீடுகள் உள்ள ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு சொசைட்டியில் பதினான்கு வருடம் செகரட்டரியாகக் குப்பை கொட்டியவன் நான். வக்கீல் இல்லை. பை-லா எனும் சொசைட்டி விதிப் புத்தகமும் அக்கம்பக்கத்துச் சண்டைகளும்தான் என் படிப்பு. மும்பைத் தமிழர்கள் கேட்டதில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (முலுண்ட்): அண்ணா, காலை 5 மணிக்கு மாவரைத்தால் கீழ்வீட்டு மராத்திப் பாட்டி சண்டைக்கு வருகிறார். 7 மணிக்கு லோக்கல் ரயில் பிடிக்க வேண்டும். என் வீட்டில் மாவரைக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?

இதே சண்டையில் நான் தோற்றிருக்கிறேன். என் கீழ்வீட்டு ஆஜி, அதாவது மராத்திப் பாட்டி, திட்டவில்லை. ஒரு நாள் மேலே வந்து, "ஐகா ஸரா", கொஞ்சம் வந்து கேளுங்கள் என்று என்னைக் கீழே கூட்டிப்போனார். மேலே என் மனைவி கிரைண்டரைப் போட்டாள். நான் ஆஜியின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அடுக்களையில் கொர்ரென்று கேட்கும் சத்தம், அங்கே ரயில் பாலத்துக்கு அடியில் நிற்பது போல இருந்தது. சத்தத்தைவிட அதிர்வுதான் மோசம். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அன்று சாயங்காலமே கிரைண்டரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, அடியில் தடியான ரப்பர் பாய் போட்டேன். அரைப்பதை இரவு 8 மணிக்கு மாற்றிக்கொண்டோம். மாவு புளிக்கவும் அதுதானே நல்ல நேரம்!

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்து அளவு 45 டெசிபல். நீங்கள் காலை என்று நினைக்கும் 5 மணி அதன் கணக்கில் இரவு.

கேள்வி (சயான்): கருவாடு வறுத்தால் படிக்கட்டு வரை வாடை வருகிறதாம். சைவக்காரர்கள் கமிட்டியில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். தடுக்க முடியுமா?

மகாராஷ்டிரத்தில் சொசைட்டிகளுக்கென்று உள்ள மாதிரி பை-லாவில் யார் வீட்டில் என்ன சமைக்கலாம் என்று எந்த விதியும் இல்லை. சிலர் 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி மிரட்டுவார்கள். அது ஆமதாபாத்தில் பார்சிகளுக்கான ஒரு சொசைட்டி பற்றியது. தங்கள் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் பை-லா செல்லும் என்றது. உறுப்பினராக யார் வரலாம் என்பது வேறு, வந்தவர் சட்டியில் என்ன வறுக்கலாம் என்பது வேறு.

மாவரைப்பவரைக் கண்டித்துவிட்டுக் கருவாட்டுக்கு வக்காலத்தா என்று கேட்பீர்கள். ஆமாம். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். வாடை முகம் சுளிக்க வைக்கும், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பெருங்காயத் தாளிப்பும் படிக்கட்டுக்கு வரத்தான் செய்கிறது. வாசல் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு வறுங்கள்.

கேள்வி (பவாய்): அங்கிள், நாங்கள் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறோம். இரவு 9.30-க்கு மேல் ஆண் நண்பர்கள் வரக்கூடாதாம். பேச்சிலர் சார்ஜ் என்று மாதா மாதம் தனியாக ஒரு தொகையும் கேட்கிறார்கள்.

தொகை கேட்பது சுத்த அடாவடி. வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளரிடம் சர்வீஸ் சார்ஜில், அதாவது பராமரிப்புக் கட்டணத்தில், 10 சதவீதம் வரை சொசைட்டி கூடுதலாக வாங்கலாம். 2001-இலேயே மாநில அரசு போட்ட உச்சவரம்பு அது. அதைக் கட்ட வேண்டியவரும் அவர்தான். பேச்சிலர் சார்ஜ் எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சே அடங்கிவிடும்.

வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லலாம், அது எல்லோருக்கும் பொது. வந்தவர் ஆணா பெண்ணா, எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் கமிட்டிக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை என்று 2010-இல், நம் நடிகை குஷ்புவின் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. காபி சாப்பிட வந்தவரையா விரட்டுவது? ஆனால் ஒன்று, நள்ளிரவில் பாட்டுப் போட்டு ஆடினால் கிரைண்டர்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி (தாராவி): காம்பவுண்டில் ஐயப்ப பூஜை. பஜனை 11 வரை போகும். பக்திக்குமா தடை?

பக்திக்கு இல்லை, மைக்குக்குத்தான். சென்னையில் ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கி மேல் வந்த வழக்கில், 2000-இல், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். திறந்தவெளியில் 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். வருடத்தில் அதிகபட்சம் 15 நாள், பண்டிகைகளுக்காக நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். உங்கள் தேதி அதில் இல்லையென்றால் 10-க்கு மைக்கை அணைத்துவிட்டு வாயால் பாடுங்கள். நம்ம ஆட்கள் என்று சலுகை தர மாட்டேன்.

கேள்வி (செம்பூர்): கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் சிகரெட் பிடிக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது சார்.

2003 புகையிலைச் சட்டத்தின் புகைபிடிக்கும் தடை பொது இடத்துக்குத்தான். அவர் பால்கனிக்குப் பொருந்தாது. புகார் எழுதாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்தில் அது பலித்தது.

கேள்வி (மாதுங்கா): வாசலில் கோலம் போட்டால் காமன் பேசேஜ் என்று ஆட்சேபிக்கிறார்கள். செருப்பு ஸ்டாண்டையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

பேசேஜ் எல்லோருக்கும் பொதுதான் அம்மா. தீப்பிடித்தால் இருட்டில், புகையில், அத்தனை பேரும் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும். கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடலாம். ஸ்டாண்டை இன்றைக்கே உள்ளே எடுத்து வையுங்கள்.