கம்பியை விடுங்கள், படி உங்களைக் கவனிக்கும்: ஸ்டேர் கிளைம்பர் கேள்வி-பதில்

பெங்களூர் ஜிம்களில் டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் இப்போது எஸ்கலேட்டர் துண்டு ஒன்றை வெட்டி வைத்த மாதிரி ஸ்டேர் கிளைம்பர் என்ற மெஷின் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன.

மாஸ்டர், மூன்று மாதமாகத் தினமும் 20 நிமிடம் ஏறுகிறேன். ஸ்கிரீன் 300 கலோரி காட்டுகிறது. எடை அசையவே இல்லை. மெஷின் பொய் சொல்கிறதா? என் எடை 65 கிலோ. (வாசகி, அல்சூர்)

பொய் இல்லை, அதற்கு உங்களைத் தெரியாது. தொடங்கும்போது எடையைக் கேட்டிருக்கும், நீங்கள் பட்டனைத் தட்டிவிட்டு ஏறியிருப்பீர்கள். பாதிப் பேர் அப்படித்தான்.

கணக்கை நாமே போடலாம். ஜிம் மெஷினில் ஒரு படி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 60 படி என்றால் 12 மீட்டர், 20 நிமிடத்தில் 240 மீட்டர். கிட்டத்தட்ட 80 மாடி! 65 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கும் வேலை வெறும் 36 கலோரிதான். ஆனால் உடம்பு எரிப்பதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறும், மீதி வியர்வையும் சூடும். ஆக, செலவு சுமார் 150 முதல் 200 கலோரி. 300 அல்ல.

அதுவும் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் சாயாமல் ஏறினால்தான். எனக்குச் சந்தேகம் அங்கேதான். பல மெஷின்களில் உங்கள் எடைதான் படியைக் கீழே தள்ளுகிறது, மெஷின் பிடித்துப் பிடித்து விடுகிறது. இரண்டு கையையும் ஊன்றி, முதுகை வளைத்துத் தொங்கினால் எடையில் ஒரு பங்கைக் கம்பி சுமக்கும். ஸ்கிரீனுக்கு அது தெரியாது, முழு மார்க் போட்டுவிடும்.

நாளைக்கு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். விரல் நுனி மட்டும் கம்பியில் படட்டும், நெஞ்சு நிமிரட்டும். அந்த வேகத்திலேயே மூச்சு வாங்கினால், இதுவரை ஏறியது கைதான். அப்புறம், முடித்துவிட்டுக் கீழே வந்து இரண்டு மசால் வடை சாப்பிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கேயே அடைபட்டுவிடும்.

வயது 54. படி ஏறினால் முட்டியில் டக் டக் என்று சத்தம். பிபி மாத்திரையும் உண்டு. ஏறலாமா சார்? (மர்ஃபி டவுன்)

வலியோ வீக்கமோ இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வலித்தால், வீங்கினால், முட்டி பூட்டிக்கொண்டால் எலும்பு டாக்டரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

முட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: இறக்கம் கிடையாது. பலருக்கு முட்டியைப் படுத்துவது ஏறுவதை விட இறங்குவதுதான். நிமிடத்துக்கு 30, 40 படியில் ஐந்து நிமிடம் தொடங்குங்கள். முழுப் பாதமும் படியில் பதியட்டும். குதிகால் வெளியே தொங்கினால் கெண்டைக்காலும் சேர்ந்து புலம்பும்.

பிபி மாத்திரைகளில் சில நாடித்துடிப்பையே அடக்கி வைப்பவை. அதனால் ஸ்கிரீனில் தெரியும் துடிப்பை நம்பி வேகம் கூட்டாதீர்கள். பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால் வேகம் அதிகம். உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே ஏறுங்கள்.

இரண்டு மாதத்தில் திருமலைக்கு நடந்து போக வேண்டுதல். இந்தப் பயிற்சி போதுமா? (ஸ்ரீராமபுரம்)

மூச்சுக்குப் போதும். காலுக்குப் போதாது. திருப்பதி அடிவாரத்து அலிபிரி வழியில் 3,550 படிகள். நிமிடத்துக்கு 60 வைத்து ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே படிகள் ஒரே அளவில் இருக்காது, நடுவில் நீளமாக நடக்கவும் வேண்டும், பலர் செருப்பில்லாமல் ஏறுகிறார்கள். மெஷின் கற்றுத்தராதது இன்னொன்று, இறங்குவது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசைக்கு மறுநாள் அது தெரியும். பஸ்ஸில் இறங்கப் போகிறீர்கள் என்றால் கவலை குறைவு. இல்லையென்றால் வாரம் இரண்டு நாள் மெஷின், ஒரு நாள் உங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஏற்றமும் இறக்கமும். ஒரு ஞாயிறு மைசூர் சாமுண்டி மலையின் ஆயிரம் படியை ஏறி, நடந்தே இறங்கிப் பாருங்கள். எங்கே ஆட்டம் காண்கிறது என்று தெரிந்துவிடும்.

இது கார்டியோவா (இதயத்துக்கும் மூச்சுக்குமான பயிற்சி), தண்டனையா?

இரண்டும்! 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காகப் படிகள் வைத்த பெரிய சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். மேலே போகாமலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். டிரெட்மில் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் மாதச் சந்தா கட்டவில்லை.

முதல் மாடியில் சின்ன ஜிம் வைத்திருக்கிறேன். பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும் அண்ணா?

முதலில் டேப்பை எடுத்து உத்தரத்தை அளந்துவிடுங்கள். ஏறுகிறவர் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் நிற்பார். ஆறடி ஆள் ஏறினால் ஒன்பதடி உத்தரத்தில் தலை இடிக்கும். மேலே மின்விசிறி இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

மெஷினை நிறுத்திவிட்டு நீங்களே படியில் நில்லுங்கள். படி வழுக்கி இறங்கினால் பிரேக் போய்விட்டது, விலை பேசாமல் வந்துவிடுங்கள். மூடியைத் திறந்து செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். வியர்வை உப்பு அங்கேதான் துருப்பிடிக்க வைக்கும், எண்ணெய் போடாத செயின் கறகற என்று காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும் முன் பத்து நிமிடம் நல்ல எடையுள்ள ஒருவரை ஏற்றி ஓட்டிப் பாருங்கள், காலி மெஷின் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்தப் பூதத்தை உங்கள் மாடிப்படி வழியாக மேலே கொண்டுபோகும் கூலி யாருடையது என்பதையும் விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.