தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு?

வணக்கம் அக்கா,

எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் செய்த முதல் நிகழ்ச்சியை இணைத்திருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள். பாட்காஸ்ட் போட்டால் உலகமே கேட்கும், 10 கிலோமீட்டர் தாண்டாத வானொலிக்கு எதற்கு உழைப்பு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல மைக் ஒன்றும் சொல்ல முடியுமா?

பிரவீன்

அன்புள்ள பிரவீன்,

மைக் பற்றி உங்கள் நிலையத்துத் தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கள். பாட்காஸ்டும் செய்யுங்கள், யார் தடுத்தது?

பதிவை இரண்டு முறை கேட்டேன். அருமையான குரல் உங்களுக்கு. அதனால்தான் இவ்வளவு கோபம் வந்தது. வணிகப் பண்பலை ஆர்ஜே மாதிரி மூச்சுவிடாமல் பேசுகிறீர்கள். 20 நிமிடத்தில் உங்கள் ஊர்ப் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. பிறகு யாருக்காகப் பேசினீர்கள்?

அந்த 10 கிலோமீட்டரைக் குறையாக நினைக்காதீர்கள். மாணவர் வானொலி சின்ன வட்டத்துக்குள்தான் வளர்ந்தது. 1936-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இருவர் தொடங்கிய வானொலி, கம்பி வழியே விடுதி அறைகளுக்கு மட்டும் கேட்டது. இங்கே வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்ன பிறகும், கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் தரலாம் என்று மத்திய அரசு முடிவெடுக்க 2002 டிசம்பர் ஆனது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்எம் ஒலித்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. சமுதாய வானொலிக்கான அரசு நெறிமுறையை எடுத்துப் படியுங்கள்: ஒலிபரப்புத் திறன் 100 வாட்டுக்குள், ஆண்டெனா 30 மீட்டருக்குள், நிகழ்ச்சிகளில் பாதியாவது சுற்றுவட்டார மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். பாதி, பிரவீன்! உங்கள் பதிவில் கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஒரு குரல் உண்டா?

எங்கள் கல்லூரி வானொலியில் நானும் முதல் வருடம் உங்களை மாதிரிதான் பேசினேன். அப்புறம் பின்வாசல் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒரு அண்ணனைப் பார்த்தேன். வண்டியில் ஒரு பழைய டிரான்சிஸ்டர், அதில் எங்கள் நிலையம். அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வராது, லாரிதான். சமுதாய வானொலியில் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்று அப்போது விதி. லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது செய்தி இல்லை, அறிவிப்பு என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு தினமும் மாலை நான்கு மணிக்குச் சொன்னோம். ஒருநாள் நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் அண்ணன் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். “நீ ஆறுன்னு சொன்ன, அஞ்சுக்கே வந்துட்டுப் போயிருச்சு. பாதிப் பேருக்குத் தண்ணியே இல்ல” என்றார். தலைகுனிந்து நின்றேன். எந்தப் பேராசிரியரிடமும் வாங்காத திட்டு. அதற்குப் பிறகு லாரி ஓட்டுநரிடம் நேரில் கேட்காமல் மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை.

அடுத்த செமஸ்டர் தேர்வு சமயத்தில் நிர்வாகம் எங்கள் நேரலையை நிறுத்திவிட்டு, மூன்று வாரம் பழைய விழா உரைகளை ஓடவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேர்வு முடிந்து பின்வாசல் வழியாகப் போனேன். அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “எங்கம்மா போயிட்ட? உடம்பு சரியில்லையோன்னு நினைச்சோம்” என்றார்.