மகளுக்கு ராயபுரத்தில் வேலை... வீடு எங்கே பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு வயது 23. நர்சிங் முடித்தவள். சென்னையில் ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிஃப்ட் டியூட்டி. அடுத்த மாதம் சேர வேண்டும். எங்களுக்குச் சென்னை அவ்வளவாகத் தெரியாது. அங்கே இருபது வருடமாக இருக்கும் என் நாத்தனார் வீட்டில், "வடசென்னையில் மட்டும் வீடு பார்த்துவிடாதீர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு எல்லாம் ரவுடி ஏரியா. தென்சென்னைப் பக்கம் வந்தாலும் கண்ணகி நகர் வேண்டாம். வேளச்சேரியில் தங்கிப் போய் வரட்டும்" என்கிறார்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எந்தெந்த ஏரியா கூடாது என்று ஒரு பட்டியல் தருவீர்களா?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வயதுக்கு வந்த பெண்ணைத் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்பும் எந்தத் தாய்க்கும் இருப்பதுதான். ஆனால் நீங்கள் கேட்ட பட்டியலை என்னால் தர முடியாது. அதே வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் பதினோரு வருடம் குடியிருந்தவள் நான். அதில் ஆறு வருடம் இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்பியிருக்கிறேன்.

முதலில் வேளச்சேரியை எடுத்துக்கொள்வோம். உங்கள் மகளுக்கு ஷிஃப்ட் இரவு எட்டரைக்கு முடிகிறது என்று வையுங்கள். ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறி கடற்கரை நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பறக்கும் ரயிலில் வேளச்சேரி. அப்புறம் ஷேர் ஆட்டோவோ நடையோ. வீட்டுக்குள் நுழையப் பத்தேகால், பத்தரை ஆகிவிடும். பறக்கும் ரயில் நிலையங்கள் பலவற்றில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. பிரம்மாண்டமான கட்டடம், நீளப் படிக்கட்டு, ஆனால் கூப்பிட்டால் கேட்க ஒருவர்கூட இல்லை. மருத்துவமனையிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு இருந்தால் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பாள். இரவு நேரத்தில் தெருவில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் பாதுகாப்பு. இதை உங்கள் நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வேளச்சேரியில் தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே பல தெருக்கள் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே அங்குள்ளவர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை நீங்களே டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வேளச்சேரியை யாரும் "அங்கே போகாதே" என்று சொல்வதில்லை. வியாசர்பாடி என்றால் மட்டும் சொல்கிறார்கள். ஏன்?

வடசென்னைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று பாருங்கள். ராயபுரத்திலிருந்துதான் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. பெரம்பூரில் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களால் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. துறைமுகம், ஆலை, ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று இந்த நகரத்துக்கு உழைத்துக் கொட்டிய இடம் அது. 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்டது. வேலை போன குடும்பங்களில் குடியும் கடனும் நுழைந்தன, சில பையன்கள் தவறான கைகளில் சிக்கினார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். இன்றைக்கும் கஞ்சாவும் முன்விரோதக் கொலைகளும் செய்தியில் வருகின்றன. ஆனால் அந்த வெட்டுக்குத்து பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களுக்குள் நடப்பது. வேலைக்குப் போய் வரும் பெண்ணைத் தேடி வருவது அபூர்வம். 2025 மார்ச்சில் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பெண்களின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துப் போனார்களே, அது நடந்தது சைதாப்பேட்டை, திருவான்மியூர் என்று தென்சென்னையில்.

என் தெருவைச் சொல்கிறேன். வீடுகள் எல்லாம் ஒரு அறை, ஒன்றரை அறை. உள்ளே புழுங்கும் என்பதால் எல்லோரும் வாசற்படியில்தான் இருப்பார்கள். தெருமுனையில் ஒரு அக்கா இரவு இட்லிக் கடை போட்டிருந்தார். ஒயரில் தொங்கும் ஒரு குண்டு பல்பு, அலுமினியக் குண்டான், பக்கத்தில் வாழை இலை நறுக்கு. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பைக்கில் இரண்டு பேர் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். எனக்குக் கால் நடுங்கியது. அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "யார்ரா அது?" என்று ஒரு சத்தம்தான் போட்டார். நாலு வாசலில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். பைக் திரும்பிப் போய்விட்டது. பிறகு ஒரு முறை, வசதியானவர்கள் இருக்கும் ஒரு தென்சென்னைத் தெருவில் ஒரு வருடம் இருந்தேன். ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர்கள், மூடிய ஜன்னல்கள், ஏசி சத்தம். அங்கே நான் கத்தியிருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

ஆகவே ஏரியாவின் பெயரை விடுங்கள், தெருவைப் பாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வீட்டு வாசல் வரைக்கும் உள்ள அந்த வழி முக்கியம். வீட்டை முடிவு செய்வதற்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு இரவு ஒன்பதரைக்கு அந்த வழியில் நடந்து பாருங்கள். கடைகள் திறந்திருக்கின்றனவா, எத்தனை விளக்கு எரிகிறது, டாஸ்மாக் வாசலைக் கடக்க வேண்டுமா, நீளமான குடோன் சுவரை ஒட்டி நடக்க வேண்டுமா என்று கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் ஒரு முறை போங்கள். அன்றைக்குத்தான் தெருவின் குணம் தெரியும். இஸ்திரி போடுபவரிடமும் பூ விற்கும் அம்மாவிடமும் நின்று பேசுங்கள். வீட்டு புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913-க்குப் புகார் சொல்லலாம்.

வடசென்னையில் நான் உண்மையாகவே பயப்படுவது வேறு விஷயங்களுக்கு. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும். மகள் ஸ்கூட்டியில் போவதாக இருந்தால் அந்தச் சாலை வேண்டவே வேண்டாம். மணலி, எண்ணூரில் தொழிற்சாலைப் புகையும் வாயு நெடியும் உண்டு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் வீடுகளின் சுவரெல்லாம் படிந்தது. அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் ஓடினார்கள். கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு அருகில் இருப்பவர்கள் அந்த நாற்றத்தோடுதான் வாழ்கிறார்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். இவற்றையெல்லாம் உங்கள் உறவினர் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரவுடியைப் பற்றி மட்டும் சொல்லியிருப்பார்கள்.

வாடகை வீடாக இருந்தால் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தையும் மீட்டர் பெட்டியையும் பாருங்கள். பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருந்தாலோ, இடுப்பளவுக்குக் கீழே மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாலோ, அங்கே தண்ணீர் வந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தரைத்தளம் வேண்டாம், முதல் மாடி கேளுங்கள். பெண்கள் விடுதி என்றால், 2014-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பெற்ற உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். மகளின் போனில் 'காவல் உதவி' செயலியை ஏற்றிக் கொடுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐயும் பதிந்து வையுங்கள்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது போல சில ஏரியாக்கள் உங்களையும் தேர்ந்தெடுக்கும். "நான்வெஜ் சமைப்பீங்களா?", "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாசலிலேயே கேட்பார்கள். தனியாக இருக்கும் பெண் என்றதும் கதவைச் சாத்துபவர்களும் உண்டு. எனக்கு அது பழைய வண்ணாரப்பேட்டையில் நடக்கவில்லை, 'நல்ல ஏரியா' என்று சொல்லப்பட்ட இடத்தில்தான் நடந்தது.

கண்ணகி நகர் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்தவர்களை நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து, 2000-த்தை ஒட்டி அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் வேலை கேட்டுப் போனால் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் கபடித் தங்கம் வாங்கித் தந்த அணியில் ஆடிய கார்த்திகா அந்த நகரின் பெண். உங்கள் நாத்தனார் சொன்ன அதே பட்டியலைத்தான் வேலை கொடுப்பவர்களும் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒரு வரி சேர்க்க விரும்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பி வாருங்கள். கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்துக்குள் உள்ள தெருக்களில் தேட ஆரம்பியுங்கள். அங்கேயே வேலை செய்யும் மூத்த நர்ஸ்கள் இரண்டு பேரிடம், "நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், நைட் டியூட்டிக்கு எப்படி வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். வீடு கிடைத்ததும் எந்தத் தெரு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.