மதிப்பெண் நன்றாக இருக்கிறது, அப்பாதான் ஒதுங்குகிறார்

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. காதொலிக் கருவி பயன்படாமல் போனதால், நான்கு மாதங்களுக்கு முன் வலது காதில் காக்ளியர் இம்பிளான்ட் (செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் கருவி) பொருத்தினோம். பரிசோதனை அறையில் சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார். கல்யாண வீட்டிலோ, நான்கு பேர் கூடிப் பேசும்போதோ எழுந்து போய்விடுகிறார். செலவழித்த பணம் வீண்தானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வீணில்லை. பரிசோதனை அறையில் ஒரே குரல், வேறு சத்தமில்லை. கல்யாண மண்டபம் அப்படியல்ல. நலமான உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் சுமார் 3,500 உள்மயிரணுக்கள் செய்யும் வேலையை இப்போது இம்பிளான்ட்டின் அதிகபட்சம் இருபத்துச் சொச்சம் மின்முனைகள் செய்கின்றன என்பதால், ஒரு குரலை இன்னொரு குரலிலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் மூளைக்கு மங்கலாகவே போய்ச் சேருகின்றன. இந்தப் புதிய ஒலிக்குப் பழக, பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகிறது.

நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் இம்பிளான்ட் பொருத்தியவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வாழ்க்கைத்தர வினாநிரலில் உள்ள 60 கேள்விகளில், பாதிதான் கேட்டலையும் பேச்சையும் பற்றியவை. மீதி, தன்னம்பிக்கை, அன்றாட வேலைகள், மனிதர்களோடு பழகுவது ஆகியவற்றைப் பற்றியவை. சொற்பரிசோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றவர் இவற்றிலும் நன்றாக இருப்பார் என்று சொல்லிவிட முடியாது.

இந்த மறுபாதி பெரும்பாலும் வீட்டார் கையில் இருக்கிறது. அவர் "என்ன?" என்று கேட்கும்போது, "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்று சொல்கிறீர்களா? மண்டபத்துச் சத்தத்தைவிட அந்த ஒரு சொல்தான் பலரை எழுந்துபோக வைக்கிறது என்பது என் எண்ணம். கத்தாமல், முகம் தெரியும்படி வெளிச்சத்தில் நின்று, அதையே வேறு சொற்களில் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் நாளிதழ்ச் செய்திகளை நீங்கள் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்லட்டும். பாட்டு கேட்க ஆசைப்பட்டால், அவருக்கு மனப்பாடமான பழைய பாட்டிலிருந்து தொடங்கலாம். புதுப் பாட்டு இப்போதைக்கு இரைச்சலாகவே படக்கூடும். இரவில் இம்பிளான்ட்டின் வெளியே அணியும் பகுதியைக் கழற்றியபின் அழைப்பு மணியும் கேட்காது என்பதைப் பேரக்குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்த மேப்பிங்குக்கு (இம்பிளான்ட்டின் ஒலி அளவுகளை அவருக்கேற்பச் சரிசெய்வது) போகும்போது, "நன்றாக இருக்கிறார்" என்று பொதுவாகச் சொல்லாமல், மண்டபத்தில் நடந்ததை ஆடியாலஜிஸ்டிடம் (கேட்டல் நிபுணரிடம்) விவரியுங்கள். இரைச்சலான இடத்துக்கெனத் தனி அமைப்பு வைத்துத் தர முடியும். இடது காதில் சிறிதளவாவது கேட்கும் திறன் மிஞ்சியிருந்தால், அங்கே பழைய காதொலிக் கருவியைத் தொடரலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.